வைதேகி நம்பாத காட்சி

வங்காளத் தலைநகரில், சால்ட் லேக் பகுதியில், எங்கள் குடியிருப்பில் வைதேகியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. லிஃப்டில் தனியாக ஏற மாட்டாள். மாடிப்படியில் பூனை படுத்திருந்தால் கீழேயே நின்றுகொண்டு, "ஜலஜாக்கா, கொஞ்சம் கதவைத் திறங்களேன்" என்று எனக்குக் குரல் கொடுப்பாள். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிடுவாள். அதனாலேயே அவள் வீட்டுப் பருப்பு ஒருநாளும் குழைந்ததில்லை. ஒரு மாடி கீழே குடியிருக்கிற பாவத்துக்கு அவளுடைய பயங்களில் பாதியை நான்தான் சுமந்திருக்கிறேன்.

என் கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே வீடு வாங்கித் தங்கிவிட்டோம். வைதேகி வீட்டார் அப்படியில்லை. மாற்றலில் வந்தவர்கள், இன்னொரு மாற்றலில் போகிறவர்கள். அவள் கணவர் ஹரிஷங்கர் ஓர் அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிடங்கில் ஷிஃப்ட் அதிகாரி. நகரத்துக்குத் தெற்கே ஹூக்ளிக் கரையில் அந்தக் கிடங்கு இருக்கிறது. கப்பலில் வருகிற டீசலும் பெட்ரோலும் குழாய் வழியாக அங்கே பெரிய பெரிய டேங்குகளில் இறங்கும். பிறகு லாரிகளில் ஊரெல்லாம் போகும். தீப்பொறிக்குப் பயந்து வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து அவர் போனைத் திரும்ப வாங்கி, "கிளம்பிட்டேன்" என்று ஒரு வார்த்தை அனுப்புகிற வரைக்கும் இவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

இப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தால் மட்டும் ஆளே வேறு. சென்னையிலிருந்து வரும் ஓர் இணைய இதழில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தாள். "அழுகிற காட்சியில் கதாநாயகியைவிட அவருடைய மூக்குத்தி நன்றாக நடித்திருக்கிறது" என்று எழுதியவள் அவள்தான். அதே வைதேகி, அழுகின கத்தரிக்காயைக் காய்காரரிடம் திருப்பிக் கொடுக்க என்னைத் துணைக்குக் கூப்பிடுவாள். இந்த இரண்டு வைதேகிகளும் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டதே இல்லை என்று நான் கேலி செய்வேன். சிரித்துக்கொள்வாள்.

அந்தக் குளிர்காலத்தில் 'பாரோ நம்பர் டேங்க்' என்று ஒரு வங்காளத் தொடர் வந்தது. பன்னிரண்டாம் நம்பர் டேங்க் என்று அர்த்தம். பாதியை டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் செட் போட்டு எடுத்திருந்தார்கள். ஓர் எண்ணெய்க் கிடங்குதான் கதைக்களம். அதில் ஒரு காட்சி. டேங்க் நிரம்பும்போது எச்சரிக்கை செய்ய கன்ட்ரோல் ரூமில் ஒரு ஹூட்டர் இருக்கிறது. மழைக்காலத்தில் அது சும்மாச் சும்மா அலறுகிறது. தொல்லை தாங்காமல் ஓர் ஊழியர் தன் தோளில் கிடந்த கம்சாவை, அந்தச் சிவப்புக் கட்டம் போட்ட துண்டை, சுருட்டி ஹூட்டரின் வாயில் அடைக்கிறார். எல்லோரும் நிம்மதியாக டீ குடிக்கப் போகிறார்கள். ஒருநாள் டேங்க் நிஜமாகவே நிரம்பி வழிகிறது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த மீன் உசத்தி, எந்தக் கால்பந்து அணி உசத்தி என்று இரண்டாகப் பிரிகிற ஊர் இது. கம்சாவுக்கும் பிரிந்தது. வங்காளப் பத்திரிகை விமர்சகர்கள் தொடரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். இந்த வருஷத்தின் சிறந்த நடிகர் அந்தத் துண்டுதான் என்று ஒருவர் எழுதினார். எண்ணெய்க் கம்பெனிக்காரர்களுக்கோ வந்ததே கோபம். இப்படியெல்லாம் எங்கேயும் நடக்காது, இது தொழிலையே கேவலப்படுத்துவது என்று இன்ஜினியர்கள் முகநூலில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். ஓய்வு பெற்ற ஓர் ஊழியர் சொன்ன விஷயம்தான் இது என்றார் தொடரின் இயக்குநர். அந்த ஊழியர் பெயரைச் சொல்லட்டும் பார்க்கலாம் என்றார்கள் இவர்கள். எங்கள் குடியிருப்பின் காவலாளிகூட வைதேகியைப் பார்த்து, "பௌதி, தாதாவோட கம்பெனிலயும் கம்சா உண்டா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பௌதி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணன்.

வைதேகிக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த வாரமே எழுதினாள்.

"தொடர் நன்றாகத்தான் போகிறது, அந்தத் துண்டு வருகிற வரைக்கும். ஊரையே காப்பாற்ற வைத்திருக்கும் ஹூட்டரின் வாயில் துணியை அடைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறார்களாம். இதை எழுதியவர் ஓர் எண்ணெய்க் கிடங்கின் காம்பவுண்டுச் சுவரையாவது பார்த்திருப்பாரா? என் கணவர் இருபது வருஷமாக எண்ணெய்க் கிடங்குகளில்தான் வேலை பார்க்கிறார். அங்கே ஒரு தீக்குச்சிக்குக்கூட அனுமதி கிடையாது. துணி அடைத்திருப்பது ஹூட்டரில் இல்லை, கதாசிரியரின் காதில்."

படித்துவிட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கல்லூரியில் படிக்கும் அவள் மகள் மிருதுளாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. அம்மாவைப் படித்துக் காட்டச் சொல்லி, அதை வங்காளத்தில் எழுதிப் போட்டுவிட்டாள். அவ்வளவுதான். ஓர் எண்ணெய் அதிகாரியின் மனைவியே சொல்லிவிட்டார் என்று அது எங்கெங்கோ போனது. இன்ஜினியர்கள் அதைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்தார்கள். கிடங்கின் ஜெனரல் மேனேஜர் வெங்கடசுப்ரமணியன் தமிழர். தமிழிலேயே படித்துவிட்டு அவளுக்குப் போன் செய்தார்.

"வைதேகி மேடம், நாங்க இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தினது எடுபடலை. நீங்க ஒரு பாராவில முடிச்சிட்டீங்க. மார்ச்ல பாதுகாப்பு வாரம் வருது. குடும்ப தினத்துக்கு நீங்கதான் சிறப்பு விருந்தினர். மறுக்கக் கூடாது."

அன்றைக்கு அவள் மாடிப்படியில் குதித்துக்கொண்டு வந்தாள். பூனை இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் மறுபடியும் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. என் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில் நடந்ததை மெதுவாகச் சொன்னாள்.

ஜி.எம். போன் செய்த விஷயத்தைக் கணவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். ஹரிஷங்கர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"அந்தத் துண்டு சீனைப் பத்தி மட்டும் நீ எழுதாம இருந்திருக்கலாம், வைதேகி."

"ஏங்க? தப்பா எழுதிட்டேனா?"

"போன மழைக்காலத்துல உங்கிட்ட ஒரு பழைய துணி கேட்டேனே, ஞாபகம் இருக்கா? தடிமனா வேணும்னு சொன்னேன்."

"ஆமா. என்னோட மெரூன் சுங்குடியில பாதியைக் கிழிச்சுக் குடுத்தேன். மேஜை துடைக்கத்தானே?"

"மேஜை துடைக்க இல்லை" என்று சொல்லியிருக்கிறார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்திருக்கிறது. அங்கே ஒரு டேங்கில் மட்டத்தைக் காட்டும் கருவி பழுது. மழை ஈரம் பட்டால் டேங்க் நிரம்பிவிட்டதாகப் பொய் சொல்லும். ஹூட்டர் அலறும். ஓடிப்போய்ப் பார்த்தால் டேங்கில் பாதிகூட இருக்காது. கருவியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டாயிற்று. வருகிறது, வருகிறது என்றார்கள், வரவில்லை. விருந்தினர்களோடு வந்திருந்த ஜி.எம். ஒருநாள், "அந்தச் சத்தத்துக்கு ஒரு வழி பண்ணுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். வாய்வார்த்தைதான். ஹரிஷங்கரின் ஷிஃப்டில் வழி பண்ணினார்கள். மற்ற ஷிஃப்ட்காரர்கள் வந்து பார்த்தார்கள், சத்தமில்லாமல் இருப்பது அவர்களுக்கும் பிடித்துப்போனது. யாரும் எடுக்கவில்லை. வெளியிலிருந்து சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் துணியை எடுத்து அலமாரியில் வைப்பார்கள். பேனலில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதே என்று சமாதானம். மழை பெய்தால் அந்த விளக்கு எப்போதும் எரிகிறது. எப்போதும் எரிகிற விளக்கை யார் பார்க்கிறார்கள்?

"நிஜமாவே ரொம்பினா என்ன ஆகும்னு கேட்டேன்கா. ரொம்பாதுன்னார். ரொம்பினா, ரொம்பினான்னு திரும்பத் திரும்பக் கேட்டேன். கை கழுவ எழுந்து போயிட்டார்."

டீயைப் போட்டு அவள் கையில் கொடுத்தேன். குடிக்கவில்லை.

அதுவரைக்கும் அவளுக்கு இருந்தது பொதுவான பயம். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள், இதற்கும் பயந்தாள். இப்போது அந்தப் பயத்துக்கு ஒரு நிறம் வந்துவிட்டது, அதுவும் அவளுடைய புடவையின் நிறம். வானம் கொஞ்சம் மூடினாலும் ஜன்னலுக்குப் போய்விடுவாள். பைபாஸில் ஆம்புலன்ஸ் போனால் கையிலிருக்கும் பாத்திரத்தைக் கீழே போடுவாள். பீரோவில் மிச்சமிருந்த பாதிச் சுங்குடியைப் பார்க்கப் பயந்து அந்தத் தட்டையே திறக்காமல் விட்டாள். அடுத்த விமர்சனம் எழுத உட்கார்ந்தால் ஒரு வரி நகரவில்லை. அவர் வேலைக்குக் கிளம்பும்போது டிஃபன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, "எடுத்துடுங்களேன்" என்பாள். அவரும் "பாக்கறேன்" என்பார். அவரும் கெட்ட மனிதர் இல்லை. எடுத்தால் மழைக்கு மழை அலறும், அலறினால் விதிப்படி கப்பலிலிருந்து எண்ணெய் இறக்குவதை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் மேலே இருந்து கேள்வி வரும். அவருக்கு அந்தக் கேள்விக்குப் பயம். இவளுக்கு அவருக்காகப் பயம். பயத்திலும் பொருத்தமான ஜோடி.

எனக்குத்தான் ஆத்திரம் பொறுக்கவில்லை. "நீதானே எழுதினே, நீயே தப்புன்னு எழுது" என்றேன்.

என் வாயைப் பொத்தினாள். "சத்தமாப் பேசாதீங்கக்கா. அவர் வேலை போயிடும். மிருதுளா படிச்சிட்டிருக்கா."

"வேலை போனா வேற வேலை. ஆளு போனா?"

காதைப் பொத்திக்கொண்டு படியேறிப் போய்விட்டாள்.

மார்ச்சில் குடும்ப தினம் வந்தது. போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள் என்றார் ஹரிஷங்கர். வைதேகி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். காரில் போகும்போதே என் காதோடு சொன்னாள்: "நான் பெரிசா ஒண்ணும் பேசப் போறதில்லைக்கா. ஒரே ஒரு ஆசைன்னு சொல்லப் போறேன். எங்க வீட்டுக்காரங்க வேலை பாக்கற இடத்து ஹூட்டரை நாங்க யாரும் கேட்டதே இல்லை, திடீர்னு இப்பவே ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்கன்னு கேப்பேன். விழா இங்க நடக்குது, சோதனை ஆளுங்க மத்தியானம்தான் உள்ள போறாங்களாம். அதுவரைக்கும் துணி அங்கேயேதான் இருக்கும், சத்தம் வராது." எனக்குப் பெருமையாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கிடங்கின் வாசலுக்கு வெளியே இருக்கும் ஊழியர் மன்றத்தில் விழா நடந்தது. குழந்தைகள் பாதுகாப்பைப் பற்றிப் படம் வரைந்து சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். முன்வரிசையில் டெல்லியிலிருந்து வந்த சோதனை அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். வெங்கடசுப்ரமணியன் நன்றாகப் பேசினார். அவள் எழுதிய அந்தப் பாராவைத் தமிழில் படித்தார், இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். "நம்ம பாதுகாப்புக்கு இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் என்ன வேணும்? நம்ம வீட்டுப் பெண்மணியே கொடுத்தது" என்றார். டெல்லிக்காரர்கள் கைதட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். பின்னால் நீலச் சீருடையில் நின்ற ஹரிஷங்கரும் தட்டினார்.

வைதேகி மைக் முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். அந்தக் கூட்டத்தைத் தாண்டி அவள் பார்வை அவர் மேல்தான் போனது. அவர் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"எல்லாருக்கும் நன்றி. எல்லாரும் பத்திரமா இருங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பொன்னாடை போர்த்தி ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது என்னால் வாயை அடக்க முடியவில்லை. "ஹூட்டருக்கு மட்டும்தான் துணி அடைச்சிருக்குன்னு நினைச்சேன்" என்றேன். வீடு வரும்வரை பொன்னாடையில் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள்.

ஏப்ரலில் கால்பைசாகி ஆரம்பித்தது. இந்த ஊரின் கோடை மழை அது. சாயங்காலம் திடீரென்று வடமேற்கில் கறுத்துக்கொண்டு வரும், கதவு ஜன்னலைச் சாத்துவதற்குள் காற்றும் இடியுமாக அடித்துத் தீர்க்கும். அன்றைக்கு அடித்த அடியில் எங்கள் வாசல் குல்மொஹர் கிளை முறிந்து விழுந்தது. கரண்ட் போனது. இருட்டில் மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். வைதேகிதான். மிருதுளா ஒரு சிநேகிதி வீட்டில் மழைக்கு ஒதுங்கிப் பத்திரமாக இருப்பதாகப் போன் வந்துவிட்டதாம். அதனால் இல்லை இந்த ஓட்டம்.

"அக்கா, இன்னிக்குக் கப்பல் வந்திருக்கு. டீசல் இறங்கிட்டிருக்கு. அந்த டேங்குக்குத்தான் இறங்குதுன்னு காலையில சொன்னார்."

"உள்ள வா. உக்காரு."

"உக்கார முடியலைக்கா."

கன்ட்ரோல் ரூமில் ஒரு பழைய தொலைபேசி உண்டு. உயிர் போகிற விஷயமாக இருந்தால் மட்டும் கூப்பிடு என்று எப்போதோ அவர் கொடுத்து வைத்த எண். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அந்த எண்ணைத் தொட்டதில்லை. இப்போது அதை அழுத்தினாள். அவசரத்தில் முதல் தடவை தப்பாகப் போனது. நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"கன்ட்ரோல் ரூம்."

"என்னங்க, நான்தான்."

அவர் குரல் பதறியது. "என்ன ஆச்சு? மிருதுளாவுக்கு ஏதாவது..."

"அவ நல்லா இருக்கா. அங்க அந்தச் சிவப்பு லைட் எரியுதா?"

"எரியுது. மழை பெய்யுதில்ல. எப்பவும் எரியறதுதான்."

"எப்பவும் போல எரியுதா, நிஜமா எரியுதான்னு எப்படித் தெரியும்?"

"டேங்க் ரொம்பறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. கணக்குப் போட்டு வெச்சிருக்கேன்."

"மேல ஏறிப் பாத்தீங்களா?"

"இந்த இடியிலயா? இடி இடிக்கறப்ப டேங்க் மேல ஏறக் கூடாது."

"அப்ப யாரும் பாக்கலை."

போனில் மழைச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஜன்னலிலும் அதே மழைதான். வைதேகி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கூர்ந்து கேட்டாள்.

"லைட் எரியுதுங்கறீங்க. ஹூட்டர் சத்தம் கேக்கலியே."

"கேக்காது" என்றார்.

அவ்வளவு சாதாரணமாகத்தான் சொன்னார், வீட்டில் உப்பு இல்லை என்று சொல்கிற மாதிரி.

"என் புடவையை எடுங்க" என்றாள் வைதேகி.

"வைதேகி, இது ஆபீஸ். போனை வை."

"என் புடவைதானே அது? எனக்கு வேணும். இப்பவே வேணும்."

"எடுத்தா கப்பலை நிறுத்தணும். நிறுத்தினா திரும்ப ஆரம்பிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு உனக்குத் தெரியாது. நாளைக்கு நான்தான் பதில் சொல்லணும்."

"சொல்லலாம். நாளைக்கு நீங்க இருந்தா சொல்லலாம்." அவள் குரல் கீச்சென்று உடைந்தது. "போனை வைக்காதீங்க. பக்கத்துல வெச்சுட்டுப் போங்க. நான் கேக்கணும்."

ரிசீவரை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் இணைப்பு அறுபடவில்லை. நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் வந்தது. யாரோ ஒருவர் வங்காளத்தில், "என்ன பண்றீங்க தாதா?" என்று கேட்டார். அவர் ஏதோ சொன்னார், எங்களுக்குப் புரியவில்லை. இங்கே ஒரு மின்னல் வெட்டி அறை முழுக்க வெளிச்சமாகி அணைந்தது. அந்த வெளிச்சத்தில் வைதேகியின் முகத்தைப் பார்த்தேன், பயத்தில் உதடு வெளுத்திருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஏதாவது வெடித்தால் இந்தப் போனில்தான் முதலில் கேட்கும் என்று ஒரு நினைப்பு வந்தது.

பிறகு ஹூட்டர் அலறியது.

போனின் சின்ன ஸ்பீக்கரில் வந்ததற்கே என் காது கிழிந்தது. கீழே நாய்கள் குரைத்தன. நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். மூன்றாவது விசிலுக்குள் குக்கரை அணைக்கிற வைதேகி, அந்தப் போனை இரண்டு கையாலும் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பயமா இருக்குக்கா" என்றாள். "கத்தறது நிஜமா பொய்யான்னு இப்பவும் தெரியலியே. நிஜமா இருந்தா அவர் அங்கதானே இருக்கார்." சொல்லிக்கொண்டே இருந்தாளே தவிர, இணைப்பை அறுக்கவில்லை. பின்னணியில் ஆட்கள் ஓடுகிற சத்தமும், யாரோ வால்வு வால்வு என்று கத்துவதும் கேட்டது. மழை விட்டு, ஓர் ஆள் டேங்கின் மேல் ஏறிப் பார்த்துவிட்டு வரும்வரை அவளும் நானும் அந்த அலறலைக் கேட்டுக்கொண்டுதான் இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

பொய்தான். டேங்கில் இன்னும் நிறைய இடம் இருந்தது. வழக்கம்போல மழை ஈரம்தான்.

ஹரிஷங்கர் வீட்டுக்கு வந்து, ஒரு பாலிதீன் பையை அவளிடம் கொடுத்தார். உள்ளே டீசல் வாடையோடு கசங்கிச் சுருண்டிருந்த பாதிச் சுங்குடி. மறுநாளே அவரிடம் விளக்கம் கேட்டார்கள். காரணமில்லாமல் கப்பலை நிறுத்தியது ஏன் என்று. காரணத்தை அவர் எழுதினால் துணியைப் பற்றி எழுத வேண்டும். எழுதாவிட்டால் அவர் தலையில் விழும். ஜி.எம். கூப்பிட்டுப் பேசினாராம், ரொம்பவும் அன்பாக. "எழுதறப்ப யோசிச்சு எழுதுங்க. உங்க வீட்டம்மாவே ஒண்ணு எழுதியிருக்காங்க, அதுக்கு மாறா இருந்திடக் கூடாது பாருங்க" என்றாராம்.

அதைக் கேட்டதும் வைதேகி எழுத உட்கார்ந்தாள். இந்தத் தடவை என்னைத் துணைக்குக் கூப்பிடவில்லை. எழுதி முடித்து அவரிடம்தான் முதலில் காட்டினாள். அது இவ்வளவுதான்:

"ஒரு தொடரைப் பற்றி எழுதும்போது, ஹூட்டரில் துணி அடைக்கும் காட்சி நம்ப முடியாதது என்று சொல்லியிருந்தேன். நம்பக்கூடிய காட்சிதான். தொடரில் வரும் துண்டு சிவப்பு. எனக்குத் தெரிந்தது மெரூன் நிறச் சுங்குடி. அதைக் கிழித்துக் கொடுத்தது நான். எதற்கென்று கேட்காமல் கொடுத்தேன். கதாசிரியரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்."

ஹரிஷங்கர் படித்துவிட்டு போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தாராம். பிறகு, "மிருதுளாகிட்டக் குடு. வங்காளத்துலயும் எழுதட்டும்" என்றார். தன் விளக்கத்தையும் அன்றைக்கே உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தார்.

முன்பு கொடி பிடித்த இன்ஜினியர்கள் இப்போது அவளைத் திட்டினார்கள். விளம்பரத்துக்காகப் புருஷனையே விற்றுவிட்டாள் என்று ஒருவர் எழுதினார். விமர்சகர்கள் இரண்டு நாள் பேசிவிட்டு அடுத்த தொடருக்குப் போய்விட்டார்கள். அந்த டேங்குக்குப் புதுக் கருவி வந்தது. கூடவே ஹரிஷங்கருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. அஸ்ஸாம் பக்கம், பெயரே கேள்விப்படாத ஒரு கிடங்கு. வெங்கடசுப்ரமணியன் அதற்குப் பிறகு அவளுக்குப் போன் செய்யவில்லை.

சாமான் கட்டுகிற அன்றைக்கு நான் மேலே போனேன். சாமான் தூக்குகிற ஆட்கள் பெட்டியைக் கீழே போட்டுவிடுவார்களோ, ரயில் தப்பிவிடுமோ, அந்த ஊரில் பாம்பு இருக்குமோ என்று எல்லாவற்றுக்கும் பயந்துகொண்டுதான் இருந்தாள். அவளுடைய பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் அந்தப் பாதிச் சுங்குடியை மடித்து வைத்தாள். பலமுறை துவைத்தும் டீசல் வாடை போகவில்லை.

"பட்டுக்கெல்லாம் நாத்தம் ஏறும். இதைத் தூக்கி எறியேன்" என்றேன்.

"வேண்டாம்கா. அங்கயும் ஒரு ஹூட்டர் இருக்கும்" என்று பெட்டியைப் பூட்டினாள். "இது எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."